குயில்ட் பேட்டர்ன் அச்சிட அகலமான பிரிண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்துத் தைப்பது குயில்ட். துணியை வெட்டவும் தைக்கவும் வழிகாட்டும் முழு அளவுச் சித்திரமே பேட்டர்ன்; அதைத் தாளில் அச்சிட்டுப் பயன்படுத்துவார்கள். இந்த வேலையில் இறங்கியவர்கள் சில மாதங்களிலேயே அச்சிட்ட ஏ4 தாள்களை செலோடேப்பால் ஒட்டி ஒட்டிச் சலித்து, வீட்டுக்கு ஒரு பெரிய பிரிண்டர் வாங்கிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்படி யோசிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், என் வீட்டுத் தையல் அறையில் பட்டறிந்த விடைகளும் கீழே உள்ளன.

எனக்கு உண்மையிலேயே அகலமான பிரிண்டர் தேவையா?

நீங்கள் எந்த வகை வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தைத்து முடிந்தபின் 7 அங்குலத்துக்கு மேல் போகாத சதுரங்களை மட்டுமே செய்கிறீர்கள் என்றால், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டாலும் அது ஏழரை அங்குலம்தான்; 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 தாளில் தாராளமாக அடங்கிவிடும். அத்தகையவர்கள் புதிய பிரிண்டருக்குச் செலவிடும் பணத்தில் நல்ல துணி வாங்கலாம்.

பெரிய தாள் மூன்று வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. முதலாவது, பேப்பர் பீசிங்: தாளில் அச்சிட்ட கோட்டின் மேலேயே தையலை ஓட்டி, முடிந்ததும் தாளைக் கிழித்தெடுக்கும் முறை. ஒட்டிய தாளில் தைத்தால் டேப் மேல் ஊசி ஏறி பசை பிடிக்கும், இஸ்திரி போடும்போது டேப் உருகும். எனவே ஒட்டு இல்லாத ஒரே தாள் இதில் பெரிய நிம்மதி. இரண்டாவது, அப்ளிகே: பூ, இலை, பறவை போன்ற உருவங்களைத் துணியில் வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பது. இதில் ஒட்டிய தாள் பெரிய குறையாகத் தெரியாது. மூன்றாவது, மூன்று அடுக்குகளையும் இணைக்கும் மேல்தையலுக்கான கோட்டுச் சித்திரங்கள். இவற்றில் நீளமான பாண்டோகிராஃப் தாள்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஏ3 போதுமா, ஏ3 பிளஸ் வேண்டுமா? பெயரில் ஒரு பிளஸ்தானே கூடுதல்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படிக்கவும்.

குயில்ட் உலகில் மிக அதிகமாகப் புழங்கும் சதுரம் 12 அங்குலச் சதுரம். இது தைத்து முடிந்தபின் உள்ள அளவு. நான்கு பக்கமும் கால் அங்குலத் தையல் இடத்தைச் சேர்த்தால் அச்சிட வேண்டிய பேட்டர்ன் பன்னிரண்டரை அங்குலம், அதாவது 317.5 மி.மீ. ஆகிறது. ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ.; அதில் இது அடங்காது. அமெரிக்காவில் பெரிய தாள் என்று விற்கும் 11க்கு 17 அங்குலத் தாளிலும் அடங்காது. ஏ3 பிளஸ் தாளோ 329 மி.மீ. அகலமும் 483 மி.மீ. நீளமும் உள்ளது, பிரிண்டர் ஓரங்களில் அச்சிடாமல் விடும் 3 மி.மீ. போக 323 மி.மீ. கிடைக்கிறது. பேட்டர்ன் அதற்குள் உட்கார்ந்து, இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு அரிசி நீளத்துக்கும் குறைவான இடமே மிஞ்சும். ஆனால் உட்கார்ந்துவிடும்.

ஆகவே ஏ3 பிரிண்டர் வைத்திருப்பவர் ஒவ்வொரு 12 அங்குலச் சதுரத்துக்கும் இரண்டு தாள்களை ஒட்ட வேண்டும். ஏ3 பிளஸ் வைத்திருப்பவருக்கு ஒட்டும் வேலையே இல்லை. இருபது சதுரங்கள் கொண்ட ஒரு குயில்டுக்கு அந்த 32 மி.மீ. அகலம் இருபது ஒட்டுகளை மிச்சப்படுத்துகிறது. விலை வித்தியாசத்தைக் காட்டி, ஏ3 மட்டும் ஏற்கும் மாடலைக் கடைக்காரர் பரிந்துரைத்தால், அலுவலக வேலைக்கு அது சரி, குயில்டுக்குச் சரியில்லை என்று சொல்லிவிடலாம். விவரத்தாளில் "ஏ3 பிளஸ்" என்றோ "13க்கு 19 அங்குலம்" என்றோ எழுதியிருக்க வேண்டும். "வைட் ஃபார்மட்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். 11 அங்குல அகலத்தோடு நின்றுவிடும் பிரிண்டருக்கும் அதே பெயர்தான் சூட்டப்படுகிறது.

அப்படியென்றால் 24 அங்குல ரோல் பிரிண்டரே வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

கட்டடக் கலைஞர்கள் வரைபடம் அச்சிடும் பிரிண்டர்களில் சிறியவை 24 அங்குல ரோல் தாளை ஏற்கின்றன. எச்பி நிறுவனத்தின் டிசைன்ஜெட், எப்சனின் ஷ்யூர்கலர் டி வரிசை, கேனானின் டிசி-20 போன்றவை இந்த வகை. மேசை மேல் வைக்கலாம் என்றுதான் சொல்வார்கள்; மேசை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி உள்ளது. 24 அங்குல ரோல் என்றால் 24 அங்குலச் சதுரம் அடங்கும் என்று மனம் கணக்குப் போடும். தையல் இடத்தோடு அது 622 மி.மீ.; ரோலின் அகலமே 610 மி.மீ.தான், அதிலும் ஓரம் போக வேண்டும். ஆகவே ஒரு லட்சத்தை ஒட்டிய தொகையைக் கொடுத்து வாங்கிய பிறகும் அந்தச் சதுரத்தை இரண்டாகத்தான் அச்சிட வேண்டும். அதே சதுரத்தை ஏ3 பிளஸ் நான்கு தாள்களில் முடித்துவிடும்; ஏ3க்கு ஆறு தாள்கள், ஏ4க்குப் பன்னிரண்டு தாள்கள் தேவை. பன்னிரண்டிலிருந்து நான்குக்கு இறங்குவதில் கிடைக்கும் நிம்மதியோடு ஒப்பிட்டால், நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்க அவ்வளவு பணம் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

ரோல் பிரிண்டர் நியாயமாகும் இடம் பாண்டோகிராஃப். லாங்-ஆர்ம் எனப்படும் நீண்ட கைத் தையல் இயந்திரத்தில், மேசை முழுவதும் நீளும் தாளில் ஒரே கொடிபோல் ஓடும் கோட்டை லேசர் புள்ளியால் பின்தொடர்ந்து தைப்பார்கள். அந்தத் தாள் பத்துப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கும். அதை ஒட்டுத் தாளில் செய்தால் ஒவ்வொரு ஒட்டிலும் கொடி சற்றே முறிந்து தெரியும். லாங்-ஆர்ம் இயந்திரம் வைத்துப் பிறருக்கும் தைத்துக் கொடுப்பவர், மாதத்துக்கு நான்கைந்து புதிய தாள்கள் அச்சிடுபவர் என்றால் ரோல் பிரிண்டரைப் பற்றி யோசிக்கலாம்.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் அத்தகைய தாள் தேவைப்படுபவர்கள், வீட்டு வரைபடங்களை அச்சிட்டுத் தரும் பிளாட்டர் கடைக்குப் போவதே நல்லது. அங்கே 36 அங்குல ரோலில் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் ஓட்டிக் கொடுப்பார்கள். "ஸ்கேல் மாற்றாமல், நூறு சதவீதத்தில்" என்று மட்டும் இரண்டு முறை சொல்லவும்; ஏன் இரண்டு முறை என்பது அடுத்த விடையில் இருக்கிறது.

அச்சிட்ட பேட்டர்ன் அளவு ஏன் சற்றுச் சிறிதாக வருகிறது?

பெரும்பாலான பேட்டர்ன்கள் அமெரிக்காவிலிருந்து பிடிஎஃப் கோப்பாக வருகின்றன. அவற்றின் பக்க அளவு லெட்டர், அதாவது எட்டரைக்கு 11 அங்குலம். லெட்டரின் அகலம் 215.9 மி.மீ., நம்முடைய ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பிரிண்ட் பெட்டியில் "ஃபிட்" என்ற தெரிவு இருந்தால், கணினி மிகுந்த அக்கறையோடு பக்கத்தை 97 சதவீதத்துக்கோ அதற்கும் கீழாகவோ சுருக்கி ஏ4க்குள் அடக்கிவிடும். 11க்கு 17 அங்குலப் பக்கத்தை ஏ3யில் அடக்கினாலும் அதே 97 சதவீதம்தான்.

மூன்று சதவீதம் என்பது கண்ணுக்குத் தெரியாது. பேட்டர்னில் சரிபார்ப்பதற்காக வைத்திருக்கும் ஒரு அங்குலச் சதுரத்தை அளந்தால் 25.4 மி.மீ.க்குப் பதில் 24.7 மி.மீ. இருக்கும், சாதாரண ஸ்கேலில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் 12 அங்குலச் சதுரத்தில் அது மூன்றில் ஒரு பங்கு அங்குலம். ஆறு சதுரங்களை வரிசையாகத் தைத்தால் இரண்டு அங்குலம் காணாமல் போயிருக்கும்.

இதை நான் குழந்தைக் குயில்ட் ஒன்றில் அனுபவித்தேன். ஒன்பது சதுரங்களில் ஐந்தை வீட்டில் அச்சிட்டேன். மை தீர்ந்துபோனதால் மீதி நான்கைப் பக்கத்திலிருந்த ஒரு கடையில் அச்சிட்டு வாங்கினேன். தைத்து முடித்துத் தரையில் பரப்பியபோது, நான்கு சதுரங்கள் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைவாக இருந்தன. கடைக் கணினியில் "ஃபிட்" இருந்திருக்கிறது. அளந்து பார்க்காமல் வாங்கி வந்தது என் தவறு. அந்த நான்கையும் சுற்றி மெல்லிய நீலப் பட்டி வைத்துத் தைத்து, முதலிலிருந்தே அப்படித்தான் திட்டமிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை இவை. கோப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்து "ஆக்சுவல் சைஸ்" என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். "பார்டர்லெஸ்" எனப்படும் ஓரமில்லா அச்சை அணைத்துவிட வேண்டும். அது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிவிடும். கைபேசியிலிருந்து அச்சிடும் செயலிகள் பல கேட்காமலேயே தாளுக்கு ஏற்ப அளவை மாற்றுபவை என்பதால், பேட்டர்னைக் கணினியிலிருந்தே அச்சிடவும். சரிபார்க்க ஒரு அங்குலச் சதுரத்தை நம்பாமல், பேட்டர்னில் உள்ள மிக நீளமான கோட்டை அளக்கவும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு திசையில் மட்டும் அரை மி.மீ. பிசகினால், அது தாளை இழுக்கும் உருளையின் பிசகு. மைத்தலை இடவலமாக நகரும் திசையில் அளவு அநேகமாகத் துல்லியமாகவே இருக்கும்; தாள் நகரும் திசையில்தான் வழுக்கல் வரும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாளும் கொஞ்சம் விரியும். அரை மி.மீ.க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்; தையல் இயந்திரத்தில் நம் கை அதைவிட அதிகமாகவே விலகுகிறது.

ஒரு தாளை அச்சிட்டு மீதியை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நகல் இயந்திரங்கள் மிகச் சிறிய அளவில் பெரிதாக்குவதோ சுருக்குவதோ உண்டு. நகலிலிருந்து நகல் எடுத்தால் அந்தப் பிழை பெருகும். ஒவ்வொரு சதுரத்தையும் மூலக் கோப்பிலிருந்தே அச்சிடவும். அனைத்தையும் ஒரே பிரிண்டரில் அச்சிடுவது இன்னும் நல்லது; என் நீலப் பட்டிகளே அதற்குச் சாட்சி.

எந்த மை நல்லது: சாய மையா, பிக்மென்ட் மையா, லேசர் டோனரா?

குயில்ட் செய்பவரின் தாள் கோப்பில் வைக்கப்படுவதில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போகிறது. பிரிண்டரை மதிப்பிட்டு எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்கள் புகைப்படத்தின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நமக்கு வேண்டியது ஆவியும் சூடும் பட்டாலும் இடம்பெயராத மெல்லிய கோடு.

சாய மை தண்ணீரில் முழுமையாகக் கரைந்திருக்கும் நிறம். தாளில் அழகாக ஊறும். அதே காரணத்தால் ஆவி இஸ்திரியின் ஈரம் பட்டதும் மீண்டும் கரைந்து வெள்ளைத் துணியில் ஏறவும் கூடும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்ணிய துகள்களாக இருக்கிறது. உலர்ந்த பிறகு ஈரத்துக்கு எளிதில் அசையாது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பிக்மென்ட் மையையே தேர்ந்தெடுப்பேன். ஏ3 பிளஸ் ஏற்கும் மைத்தொட்டிப் பிரிண்டர்களில் எப்சன் எல்1300, எல்1800 ஆகியவை சாய மை வகை. எல்15150 நான்கு நிறங்களிலும் பிக்மென்ட் வகை. சில மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற நிறங்கள் சாயம் என்று கலந்திருக்கும். அவற்றில் பேட்டர்னைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடும்படி அமைத்துக்கொண்டால் போதும்.

லேசர் டோனர் தண்ணீருக்கு அசையாது. ஆனால் அது அடிப்படையில் உருகக்கூடிய பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் சூடு உருக்கித்தான் தாளில் ஒட்ட வைக்கிறது. பருத்திக்கு வைக்கும் உச்ச சூட்டில் இஸ்திரி போட்டால் அது மறுபடியும் இளகி, துணியிலோ இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டிலோ ஒட்டும். கடையில் லேசரில் அச்சிட்ட தாளோடு வேலை செய்பவர்கள், தாளுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு பழைய காடாத் துணியை விரித்துக்கொள்ளவும்.

எந்தப் பிரிண்டராக இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அச்சிட்ட கோட்டின் மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை வைத்து, முதலில் காய்ந்த சூட்டிலும் பிறகு ஆவியோடும் பத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். துண்டில் சாம்பல் நிழல் தெரிந்தால், பேட்டர்னைக் கறுப்பில் அச்சிடாமல் வெளிர் சாம்பல் கோட்டில், "டிராஃப்ட்" தரத்தில் அச்சிடவும். மை குறைவாக இருந்தால் துணிக்கு ஏறுவதும் குறைவு. கிழித்தெடுக்கப் போகும் தாளுக்கு அது போதும்.

ஃப்ரீசர் பேப்பர், பட்டர் பேப்பர், மெல்லிய தாள் ஆகியவற்றை இதில் அச்சிட முடியுமா?

பெரும்பாலும் முடியும், தாள் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதே கேள்வி. முன்பக்கத் தட்டிலிருந்து தாளை எடுக்கும் பிரிண்டர், அதை உள்ளே தலைகீழாக வளைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறது. பின்பக்க வாயில் உள்ள பிரிண்டரில் தாள் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. வழக்கத்துக்கு மாறான தாள்களோடு வேலை செய்யும் நமக்குப் பின்பக்க வாயில் இருந்தே தீர வேண்டும். ஏ3 பிளஸ் தாளை அந்த வாயில் ஏற்குமா என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃப்ரீசர் பேப்பர் என்பது ஒரு பக்கம் பளபளப்பான பூச்சு உள்ள தாள். பூச்சுப் பக்கத்தைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். வெட்டி முடித்ததும் உரித்தெடுக்கலாம். அப்ளிகே செய்பவர்களின் செல்லப் பிள்ளை இது. மங்கலான பக்கத்தில் அச்சு விழும்படி வைக்க வேண்டும். சுருளாக வரும் தாள் பிரிண்டரில் மடங்கிச் சிக்கும் என்பதால், இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இஸ்திரி போட்டு விறைப்பாக்கி, ஒவ்வொன்றாகச் செலுத்துவது என் பழக்கம். லேசர் பிரிண்டரில் மட்டும் இதை எக்காரணம் கொண்டும் செலுத்தக் கூடாது. உள்ளே 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால், பழுது பார்க்கும் செலவு பிரிண்டரின் விலையோடு போட்டி போடும்.

பேப்பர் பீசிங் செய்பவர்கள் எளிதாகக் கிழிய வேண்டும் என்று மெல்லிய தாளை விரும்புகிறார்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்களில் பல 64 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) கீழுள்ள தாளுக்கு உறுதி தருவதில்லை. 70 ஜிஎஸ்எம் சாதாரண வெள்ளைத் தாளே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தையலின் நீளத்தை 1.5 மி.மீ.க்குக் குறைத்துக்கொண்டால் ஊசித் துளைகள் நெருங்கி, தபால்தலைபோல் சுத்தமாகக் கிழிகிறது.

பட்டர் பேப்பருக்கு நம் ஊரில் ஒரு தனிப் பயன் உண்டு. ரவிக்கையில் ஆரி வேலை செய்பவர்கள் சித்திரத்தைப் பட்டர் பேப்பரில் எடுத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் துடைத்துத் துணியில் இறக்குவார்கள். ஒரே துணியில் முழுவதும் கோட்டுச் சித்திரமாகத் தைக்கும் குயில்டுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. அச்சிட்ட பட்டர் பேப்பரை உடனே தொட வேண்டாம். அது மையை உறிஞ்சாமல் மேலேயே வைத்திருக்கும், கால் மணி நேரமாவது உலர விடவும். நூல் இல்லாத தையல் இயந்திரத்தில் கோட்டின் மேல் ஓட்டியே துளை போட்டுவிடலாம்; கைக்கு வேலை மிச்சம்.

ஏ3 பிளஸ் அளவில் சாதாரணத் தாள் எங்கே கிடைக்கும்?

பிரிண்டர் வாங்கிய பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வி எழுகிறது. பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் ஏ3 இருக்கும். ஏ3 பிளஸ் கேட்டால் புகைப்படத் தாளை எடுத்துக் காட்டுவார்கள். டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் "பதிமூணு பத்தொன்பது" என்று புழங்கும் தாள் இதே அளவுதான், ஆனால் அவர்கள் வைத்திருப்பது அநேகமாகத் தடித்த ஆர்ட் பேப்பர். டெம்ப்ளேட் வெட்ட அது நன்றாக இருக்கும், தைத்துக் கிழிக்க ஆகாது.

தாள் மொத்த வியாபாரியிடம் டபுள் கிரவுன் எனப்படும் 20க்கு 30 அங்குலத் தாளை வாங்கி, அங்கேயே கட்டிங் மெஷினில் வெட்டித் தரச் சொல்வது சிக்கனமான வழி. ஒரு தாளில் 13க்கு 19 அளவில் இரண்டு கிடைக்கும். மிஞ்சும் 4 அங்குலப் பட்டி பார்டர் வரைய உதவும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரிக்கலாம். கையால் கத்தரித்த தாளை பிரிண்டரில் வைக்க வேண்டாம்; ஓரம் நேராக இல்லாவிட்டால் தாள் கோணலாக இறங்கி, சதுரம் சாய்சதுரமாக வந்து நிற்கும்.

அச்சிட்டபடியே தைத்தேன், உருவம் திரும்பி வந்துவிட்டது. பிரிண்டர் கோளாறா?

இல்லை. பேப்பர் பீசிங்கில் துணி தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே முடிந்த சதுரம் அச்சின் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வரும். நட்சத்திரத்துக்கு இது தெரியாது. கிளி வலப்பக்கம் பார்க்க வேண்டியது இடப்பக்கம் பார்க்கும். "ழ" எழுத்தைத் தைத்தால் வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டுவார்கள். பேட்டர்ன் ஏற்கெனவே திருப்பி வரையப்பட்டதா என்பதைப் பார்த்து, இல்லையென்றால் பிரிண்டர் அமைப்பில் "மிரர் இமேஜ்" தெரிவைப் பயன்படுத்தவும். எல்லாப் பிரிண்டர்களின் மென்பொருளிலும் இந்தத் தெரிவு இருப்பதில்லை என்பதால் வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் கோப்பைத் திறந்து திருப்பிக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஒரு முறைதான் அச்சிடுவேன். மை காய்ந்துவிடாதா?

காய்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு சிறு படத்தையாவது அச்சிடுவது, அடைப்பை நீக்க மைத்தலையைத் திரும்பத் திரும்பக் கழுவுவதைவிட மலிவு. கழுவும் மை முழுவதும் கழிவுப் பஞ்சில்தான் போய்ச் சேருகிறது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு: வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவது. பிரிண்டரைப் பொறுத்தவரை இது தவறு. அதன் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் மைத்தலை ஓரத்துக்குப் போய் மூடியின் மேல் அமர்கிறது. அச்சுக்கு நடுவில் சுவர் சுவிட்சை அணைத்தால் மைத்தலை திறந்தபடியே காற்றில் காயும். முதலில் பொத்தான், விளக்கு அணைந்த பிறகு சுவிட்ச் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்கவும்.

ஸ்கேனர் சேர்ந்த மாடல் வேண்டுமா?

சொந்தமாக வரைபவர்களுக்கு மட்டும். பெரிய பிரிண்டர் என்றால் பெரிய ஸ்கேனர் என்று பொருளில்லை. ஏ3 பிளஸ் அச்சிட்டு ஏ4 அளவில் மட்டும் ஸ்கேன் செய்யும் மாடல்கள் உண்டு.

பழைய பிரிண்டர் வாங்கலாமா?

புகைப்படக் கலைஞர்கள் விற்கும் ஏ3 பிளஸ் பிரிண்டர்கள் சில நேரம் நல்ல விலைக்கு வருகின்றன. நாசில் செக் எனப்படும் சோதனைத் தாளை உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள்; கோடுகளில் இடைவெளி இருந்தால் விலகிவிடலாம். சப்ளிமேஷன் மை ஊற்றிப் பயன்படுத்திய பிரிண்டரைத் தொடவே வேண்டாம். அந்த மை சூடு பட்டதும் துணிக்குத் தாவுவதற்கென்றே செய்யப்பட்டது. பாலியஸ்டர் கலந்த துணியானால் பேட்டர்ன் கோடு அதில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இடம் எவ்வளவு தேவை?

எல்1800 போன்ற ஏ3 பிளஸ் பிரிண்டர் சுமார் 70 செ.மீ. அகலம் உள்ளது. அதைவிட முக்கியம் முன்னும் பின்னும் உள்ள இடம்: பின்வாயிலில் 48 செ.மீ. நீளத் தாள் நிமிர்ந்து நிற்க வேண்டும், முன்பக்கம் அதே நீளத் தாள் வெளியே வந்து படுக்க வேண்டும். சுவரை ஒட்டிய அலமாரித் தட்டு இதற்கு ஆகாது. தையல் மேசையிலேயே வைப்பவர்கள், பஞ்சுத் தூசி உள்ளே இறங்காமலிருக்க ஒரு துணி உறை தைத்துப் போடவும்; உங்களுக்குத் தைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் பணம் கட்டும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

வீட்டிலிருந்தே ஒரு கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்: 13க்கு 19 அங்குலப் பக்கத்தின் நடுவே பன்னிரண்டரை அங்குலச் சதுரம் ஒன்று, அதன் இரண்டு மூலைவிட்டங்களோடு. கூடவே உலோக ஸ்கேல் ஒன்றையும், வெட்டி வைத்த தாள் நான்கையும் கொண்டு செல்லுங்கள். கடையில் அந்த அளவுத் தாள் இருக்காது. டேப் வேண்டாம், தையல் டேப் நாள்பட நீண்டுவிடும்.

பின்வாயில் வழியாக, ஓரமில்லா அச்சை அணைத்து, நூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு பக்கக் கோடுகளும் வெட்டுப்படாமல் தாளில் விழ வேண்டும். குறுக்கிலும் நெடுக்கிலும் 317.5 மி.மீ. வர வேண்டும், அரை மி.மீ. வரை விட்டுக்கொடுக்கலாம். பிறகு மூலைவிட்டங்களை அளக்கவும். இரண்டும் 449 மி.மீ. இருந்தால் தாள் நேராக இறங்குகிறது. ஒன்று நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தால் தாள் கோணலாகப் போகிறது. தாளின் வழிகாட்டிகளை நெருக்கி இன்னொரு முறை அச்சிட்டுப் பார்த்து, அப்போதும் மாறாவிட்டால் அதே மாடலில் வேறொரு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் வண்ணப் புகைப்படம் ஒன்றை அச்சிட்டுக் காட்ட முன்வருவார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அந்தச் சதுரத் தாளை மறக்காமல் மடித்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இஸ்திரிச் சோதனைக்கு அதுவே போதும்.